தவளைக் கட்டுரைக்கு ஒரு டம்மி நம்பர்

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். வானம் மூடியிருந்தது. தூறல் நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. மொட்டைமாடியில் நான் வைத்திருக்கும் மழைமானியில் 11 மில்லிமீட்டர். அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாலாவது மணியில் எடுத்தேன்.

பேசியவர் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் துறைத்தலைவி. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை வருபவர். அங்கே இரண்டு கிழவர்கள் மைக்குக்குக் குளியல் தொப்பி மாட்டிக் குடைக்குக் கீழே உட்கார்ந்து தவளைச் சத்தம் பதிவதைப் பார்த்து, முதலில் பயந்து, பிறகு விசாரித்து, அதன்பின் நண்பரானவர்.

"சார், உங்க தவளைக் கட்டுரைய எங்க கருத்தரங்குல வெச்சுக்கலாம்னு இருக்கேன். இருபத்தொண்ணு, வியாழக்கிழமை, பதினொன்றரை மணி. பதினஞ்சு நிமிஷம்."

"கட்டுரை தயார் மேடம். முப்பத்தெட்டு பக்கம். ஸ்பைரல் பைண்டிங் பண்ணி..."

"ஸ்பைரல் வேண்டாம் சார். பிடிஎஃப்பும் வேண்டாம். சத்தமே இல்லாம தவளைக் கட்டுரை எதுக்கு? நெட்ல போட்டு லிங்க் அனுப்புங்க. தொட்டா சத்தம் வரணும், படம் வரணும், மேப் வரணும். அந்த மாதிரி கட்டுரைங்களுக்குன்னே வெச்ச அமர்வு இது. பதினெட்டாம் தேதிக்குள்ள லிங்க் வரலைன்னா, அந்த இடத்துக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார்."

ஒன்பது நாள். நான் உடனே சேலையூரில் இருக்கும் என் நண்பருக்குப் போன் செய்தேன். அவர் இயற்பியல், நான் விலங்கியல். ஒரே கல்லூரியில் நான் முப்பத்துமூன்று ஆண்டு, அவர் முப்பத்துநாலு. அன்று முதல் இன்றுவரை அவரும் என்னை சார் என்கிறார், நானும் அவரை சார் என்கிறேன். ஆறு மழைக்காலம், 212 பதிவுகள், ஏழு வகைத் தவளைகள். தவளையைத் தேடிப் பிடித்தது நான் என்றாலும், சத்தத்தைப் படமாக வரைந்து, எந்தத் தவளை எந்தச் சுருதியில் கத்துகிறது என்று கணக்குப் போட்டது முழுக்க அவர். கட்டுரையின் உயிர் அந்தக் கணக்குதான்.

செய்தியைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"யார் சார் வாசிக்கிறது?" என்றார்.

"நீங்கதான்."

போனில் அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. முப்பத்துநாலு ஆண்டுப் பணியில் அவர் ஒரு கருத்தரங்கிலும் கட்டுரை வாசித்ததில்லை. மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் துறைக்கு ஒருவர்தான் போகலாம் என்று தலைவர் போய்விட்டார். இவரும் கோபப்படாமல் ஆய்வகத்தில் மாணவர்களின் மின்கம்பிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். இப்போது வயது எழுபத்திரண்டு. இன்னொரு அழைப்பு வரும் என்று கணக்குப் போட எனக்கே தைரியம் இல்லை.

"சரி சார்," என்றார். "எந்த சைட்ல போடறது?"

அங்கேதான் தொடங்கியது. படமும் ஒலியும் சேர்ந்த ஆய்வுக்கட்டுரையை வெளியிடும் தளங்களைத் தேடினோம். இரண்டு நாளில் இருபத்திரண்டு பார்த்தோம். அவற்றில் ஒன்பது பள்ளிப் பிள்ளைகளின் ஆல்பம் போல இருந்தன. நாலு தமிழை ஏற்கவில்லை. மூன்றில் உள்ளே நுழையவே முடியவில்லை. ஒன்று, நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லிப் போக்குவரத்து விளக்குகளை எண்ணச் சொன்னது. நான் கம்பத்தையும் சேர்த்து எண்ணிவிட்டேன், அனுமதிக்கவில்லை. மீதி ஐந்து.

ஐந்தில் சண்டை வந்தது. எனக்கு ஒன்று பிடித்தது, ஏனென்றால் அது இலவசம். அவருக்கு ஒன்று பிடித்தது, ஏனென்றால் அதை நடத்துபவர்கள் பல்கலைக்கழகக்காரர்களாம். பாயசத்தில் ஏலக்காய் அதிகமா என்பதைத் தவிர வேறு எதிலும் நாங்கள் சண்டையிட்டதில்லை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை வரை போனது. கடைசியில் அவர்தான் சொன்னார்.

"சார், நாம ரெண்டு பேரும் எத்தனை வருஷம் பேப்பர் திருத்தியிருக்கோம்?"

"நான் இருபத்தொம்பது முகாம்."

"நான் முப்பத்தொண்ணு. பேர் பார்த்தா மார்க் போட்டோம்? டம்மி நம்பர் போட்டுடலாம் சார்."

எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினேன். இவ்வளவு எளிய வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரண்டு நாள் வருந்தினேன்.

விடைத்தாள் திருத்தும் முகாம் பற்றித் தெரியாதவர்களுக்கு: தாளில் மாணவர் பதிவெண்ணை மறைத்து வேறொரு எண் போடுவார்கள். எந்த எண் யாருடையது என்ற சீட்டு தேர்வு அதிகாரியிடம் மட்டும் இருக்கும். இரண்டு பேர் தனித்தனியே திருத்துவார்கள். மார்க் வித்தியாசம் பதினைந்துக்கு மேல் போனால் மூன்றாம் ஆள் திருத்துவார். அவர் யாருக்கு நெருக்கமோ அந்த இரண்டின் சராசரி.

என் மனைவியைத் தேர்வு அதிகாரி ஆக்கினோம். தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவள். ரகசியம் காப்பதில் அவளுக்கு ஈடில்லை. என்னிடமே நிறையக் காத்திருக்கிறாள்.

தாம்பரம் மேற்கில் டைப்பிங், ஜெராக்ஸ், பிரவுசிங் எல்லாம் செய்யும் ஓர் அம்மாவின் கடை. எங்கள் கட்டுரையிலிருந்து இரண்டு பக்கம், மூன்று ஒலி, இரண்டு படம், ஒரு வரைபடம், நாலு அடிக்குறிப்பு. அதையே ஐந்து தளங்களிலும் ஏற்றி, என் மடிக்கணினியில் வரிசையாக ஐந்து தாவல்களாக, அவர் பாஷையில் டேப்களாக, திறந்து கொடுத்தார். ஒன்றுக்கு நூற்றைம்பது வீதம் எழுநூற்றைம்பது. வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த வரிசைப்படியே ஐந்து பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதி, பக்கத்தில் 701 முதல் 705 வரை எண் போட்டு, மடித்துத் துவரம்பருப்பு டப்பாவில் வைத்தாள். திரையின் மேற்பகுதியில், தளத்தின் பெயர் தெரியும் இடம் முழுவதும், காயத்துக்கு ஒட்டும் அகலமான பிளாஸ்திரியை இரண்டு வரியாக ஒட்டினாள். பிளாஸ்திரி நாற்பத்தைந்து ரூபாய். அதன்மேல் ஒவ்வொரு தாவலுக்கும் நேராகப் பேனாவால் 701, 702 என்று எழுதினாள்.

"மூணு மணிக்குத் திருத்தல் ஆரம்பம். டீ ஒரு தடவைதான்," என்று சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள்.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். முகாமில் டம்மி எண் போட்டபின் விடைத்தாள் கட்டைக் கலைத்துவிடுவது வழக்கம், அடுத்தடுத்த தாள்கள் ஒரே கல்லூரி என்று திருத்துபவர் ஊகிக்காமலிருக்க. இங்கே யாரும் கலைக்கவில்லை என்று எனக்கு உறுத்தியது. தாவலை மவுஸால் இழுத்து இடம் மாற்றலாம் என்று கடை அம்மா காட்டியிருந்தார். கடைசியில் இருந்த தாவலை இழுத்து நடுவில் விட்டேன். பிளாஸ்திரிக்கு அடியில் மவுஸ் அம்பு மறைந்து போய் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கலைத்தவர் சொல்லக்கூடாது, அதுவும் வழக்கம்தான்.

நூறு மார்க்கை இப்படிப் பிரித்திருந்தோம். ஒலி அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒலிக்க வேண்டும், வேறு பக்கத்துக்குத் தாவக்கூடாது: 25. தமிழ் எழுத்து உடையாமல் இருக்க வேண்டும்: 20. கட்டுரைக்கு நிலையான அடையாள எண் தருகிறார்களா, நாளைக்குக் கடையை மூடினால் கட்டுரை எங்கே போகும்: 20. படமும் வரைபடமும்: 15. அடிக்குறிப்பு: 10. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வசதி: 10.

அவர் சாப்பாட்டு மேசையில், நான் பூஜை அறை வாசலில், மடிக்கணினியை முறை வைத்து மாற்றிக்கொண்டோம். சிவப்பு மை. 702இல் கொம்பு போட்ட எழுத்தெல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றன. நான் 39, அவர் 36. 701இல் ஒலியைத் தொட்டால் வேறு ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வர வழி சொல்லவில்லை. 52, 55. 704 சாதாரணம், 60, 58. 705 பளிச்சென்ற வெள்ளைப் பக்கம், எல்லாம் ஒழுங்கு. நான் 74, அவர் 76. அவருக்கு அதுதான் முதலிடம்.

எனக்கு முதலிடம் 703. சந்தன நிறப் பக்கம், ஏரி நீல நிறத்தில், ஒவ்வொரு தவளைக்கும் ஒரு புள்ளி. மூன்று ஒலியையும் ஒன்று முடிந்தபின் ஒன்றாக இருபது விநாடி வீதம் பொறுமையாகக் கேட்டேன். 88 போட்டேன். அவர் போட்டது 55.

"முப்பத்துமூணு வித்தியாசம் சார். எதுக்கு இவ்வளவு குறைச்சீங்க?"

"அடிக்குறிப்பைத் தொட்டா கீழ போகுது, திரும்ப மேல வரமாட்டேங்குது சார். சுழியம் போட்டேன். அடையாள எண்ணும் பணம் கட்டினாத்தான் தருவான் போல. அங்கயும் குறைச்சேன்."

"அடிக்குறிப்பை யார் சார் தொடறா?"

"நான் தொடுவேன்."

மூன்றாம் மதிப்பீடு. ஆனால் யார்? மனைவிக்குச் சீட்டு தெரியும். அந்த நேரம் கிணற்று மோட்டார் பழுதுபார்க்க மெக்கானிக் வந்திருந்தார். ஐம்பது வயது, கையெல்லாம் கிரீஸ். கையைத் துடைக்கச் சொல்லி உட்கார வைத்தோம்.

"இன்னா சார் இது? தவளையா?"

"தவளைதான். எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க."

நான் பொறுமையாகத் தொட்டதை அவர் டப் டப் டப் என்று மூன்றையும் தொட்டார். மூன்றும் சேர்ந்து கத்தின.

"நிறுத்தற பட்டன் எங்க கீது?"

"அது முடியற வரைக்கும் கேக்கணும்."

"எவன் சார் கேட்டுகினு இருப்பான்? மோட்டருக்கே ரெண்டு பட்டன் கீது, ஆன் ஒண்ணு, ஆஃப் ஒண்ணு. இதுக்கு ஆன் மட்டும் குட்த்துட்டு ஓடிட்டான். பேஜார் புடிச்ச வேலை சார்."

"நூத்துக்கு எவ்வளவு போடலாம்?"

"முப்பத்தஞ்சு போட்டுக்க சார். பாவம், பாஸ் ஆவட்டும்."

பள்ளிக்கூடத்தில் பாஸ், பல்கலைக்கழகத்தில் ஃபெயில். 55க்கும் 35க்கும் சராசரி 45. என் 88 தூக்கி எறியப்பட்டது. விதி விதிதான். மெக்கானிக்குக்கு ஒரு தாள் திருத்திய கூலி என்று இருபது ரூபாய் கொடுத்தேன். மோட்டார் கூலி தனி, அது வீட்டுக் கணக்கு. அவர் இருபதை வாங்கிக்கொண்டு என் மனைவியைப் பார்த்து, "அக்கா, சார் நல்லாத்தான கீறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலிடம் 705. மனைவி பருப்பு டப்பாவைத் திறந்து, சீட்டை உதறி, 705க்கு எதிரே இருந்த பெயரைப் படித்தாள். மறுநாளே கடை அம்மாவிடம் போய் அந்தத் தளத்துக்கு ஓராண்டுச் சந்தா 4,980 கட்டி, முழுக் கட்டுரையையும் ஏற்றச் சொன்னோம். ஏற்றுகூலி 600. ஏழு தவளை, ஏழு ஒலி, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்.

போனில் திறந்து பார்த்தேன். சந்தன நிறத்தில் இருந்தது. ஏரி நீலமாக இருந்தது. பணம் கட்டியதும் 705 என் 703 போலவே அழகாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏழு ஒலியையும் வரிசையாக இருபத்தொரு நிமிடம் கேட்டு முடித்தேன். குறையே இல்லை.

நண்பர் மட்டும் போன் செய்தார். "சார், இதுலயும் அடிக்குறிப்பு திரும்பி வரமாட்டேங்குது."

"இப்பத்தானே பணம் கட்டியிருக்கோம். வரும் சார்."

இணைப்பைப் பதினாறாம் தேதியே அனுப்பிவிட்டோம், கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். அதன்பின் ஐந்து நாளும் நண்பர் தினமும் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினார். முதல் நாள் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார், அவ்வளவு வேகம். கடைசி நாள் பதினாலரை. தொட்டிக்கு முன்னால் நன்றாகப் பேசுவார். நான் எதிரே போய் நின்றால் பாதியில் நிறுத்திவிடுவார்.

இருபத்தொன்றாம் தேதி ஆட்டோவில் மூன்று பேரும் போனோம், 180 ரூபாய். அரங்கில் 140 நாற்காலி, 86 பேர். மனைவி மூன்றாம் வரிசையில் பிளாஸ்க்குடன். நான் மேடை ஓரத்தில். துறைத்தலைவி கணினிக்குப் பக்கத்தில். திரையில் எங்கள் சந்தன நிறப் பக்கம், சுவர் அளவு. நண்பர் மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

பேசவில்லை.

நான் எண்ணினேன். இருபது விநாடி. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. துறைத்தலைவி அவருக்கு உதவ நினைத்து முதல் தவளையைத் தொட்டார். அது ஏரிக்கரையின் பெரிய காளைத்தவளை, எங்கள் எல்லாப் பதிவிலும் தவளை தொடங்குவதற்கு முன் ஐந்தாறு விநாடி வெறும் மழைச் சத்தம்தான் இருக்கும். வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவது, நாலாவது. அவர் பதற்றத்தில் ஏழையும் தொட்டு முடிக்கவும், முதலாவது ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

ஏழு தவளையும் அரங்கின் நாலு ஒலிபெருக்கிகளிலும் ஒன்றாகக் கத்தின. துறைத்தலைவி நிறுத்தப் பார்த்தார். நிறுத்த எதுவும் இல்லை. ஒலியைக் குறைக்கும் பெட்டி இருந்த அறை பூட்டியிருந்தது, சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பின்வரிசையில் ஒரு குரல், "மச்சான், உன்ன கூப்பிடுதுடா, போய்ட்டு வா." இன்னொன்று, "இல்லடா, உங்க வூட்டு ரிங்டோன்." எண்பத்தாறு பேரும் சிரித்தார்கள். சிரிப்பிலும் தவளைகள் மட்டுப்படவில்லை.

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, "சார், இது 703," என்றார். அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஆன் மட்டும், ஆஃப் இல்லை. நடுவில் விட்ட தாவல். எண்கள் பிளாஸ்திரியில் இருந்தன, தாவலில் இல்லை. முகாமில் கட்டைக் கலைத்தால் தாளோடு எண்ணும் போகும். இங்கே தளம் மட்டும் நகர்ந்தது, எண் கண்ணாடியில் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசித் தளத்தை நான் நடுவில் வைத்து 703 ஆக்கி, ஃபெயில் ஆக்கி, பிறகு சீட்டைப் பார்த்து அதையே 705 என்று காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இது எல்லாம் எனக்கு இரண்டு விநாடியில் விளங்கியது. முப்பத்துநாலு ஆண்டு காத்திருந்தவரின் பதினைந்து நிமிடத்தில் அதற்குள் ஒன்றரை நிமிடம் போய்விட்டது.

நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். மயங்கி விழப்போகிறார் என்று நான் நாற்காலியைத் தூக்கினேன். அவர் விரலை உயர்த்தினார்.

"அடியில ஒண்ணு உறுமுது பாருங்க," என்றார், தவளைகளுக்கு மேல் கேட்கும்படி உரக்க. "அதுதான் காளை. அது அந்த இடத்தை விட்டு மேல வராது. அதுக்கு மேல, பலகையைத் தட்டற மாதிரி ஒண்ணு, உங்க வீட்டு பாத்ரூம் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதான். எல்லாத்துக்கும் மேல ஊசி மாதிரி ஒண்ணு, அது உங்க கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஏழும் ஒரே நேரத்துல கத்துது. ஆனா ஒண்ணை ஒண்ணு மறைக்கல. கேளுங்க."

சிரிப்பு நின்றது. எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். ஆறு மழைக்காலம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துக் கேட்ட எனக்கு, ஏழும் சேர்ந்து அவரவர் இடத்தில் நிற்பது அன்றுதான் காதில் விழுந்தது. எங்கள் கட்டுரை முப்பத்தெட்டு பக்கத்தில் சொன்னது அது ஒன்றைத்தான். ஒவ்வொரு தவளையும் தனக்கென்று ஒரு சுருதியை வைத்துக்கொண்டு, நெரிசலான ஏரியில் பெட்டைத் தவளைக்குக் கேட்கும்படி கத்துகிறது. நிறுத்தும் பட்டன் ஒன்று இருந்திருந்தால் நாங்கள் ஒவ்வொன்றாகவே போட்டிருப்போம், இது யாருக்கும் கேட்டிருக்காது.

மூன்று நிமிடத்தில் தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கின. நண்பர் அடங்கவில்லை. படம் காட்டினார், அதிர்வெண் சொன்னார், ஏரியின் எந்த மூலை என்று வரைபடத்தில் தொட்டார். பிறகு துறைத்தலைவியிடம், "மேடம், இன்னொரு தடவ ஏழையும் தொடுங்க," என்றார். இம்முறை பின்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று எது எது என்று கத்திச் சொன்னார்கள். ஏழில் ஐந்து சரி. கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்துநாலு நிமிடம் பேசியிருந்தார். யாரும் மணி அடிக்கவில்லை.

திரும்பும் ஆட்டோவில் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"சார், கட்டைக் கலைச்சது நான்."

"எப்ப சார்?"

"இவ பால் பாக்கப் போனப்ப."

மனைவி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி சொன்னாள். "என் சீட்டுல தப்பில்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

நண்பர் கேம்ப் ரோடு வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நடுவில் நிறுத்தி, "முப்பத்தொரு முகாம் சார், எத்தனை பேர் பேப்பர் இப்படிப் போச்சோ," என்று சொல்லி மறுபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

இறங்கும்போது சொன்னார். "அந்த வெள்ளைப் பக்கத்தையும் வாங்கிடலாம் சார். அடையாள எண் அங்கதான் உடனே கெடைக்கும். அடிக்குறிப்பும் திரும்பி வரும். இத ரத்து பண்ண வேண்டாம். வேற யார்கிட்டயும் ஆஃப் இல்லாத தவளை கெடைக்காது."

மனைவியின் சீட்டில் வெள்ளைப் பக்கம் 704க்கு எதிரே இருந்தது. இந்த முறை பிளாஸ்திரியைப் பிய்த்து, பெயரை இரண்டு பேரும் வாய்விட்டுப் படித்து, மனைவி மூன்றாவதாகப் படித்தபின் பணம் கட்டினேன். கட்டுரையில் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. நன்றியுரையில் ஒரு மோட்டார் மெக்கானிக்.

நண்பர் செலவில் பாதி தருவேன் என்று நின்றார். கலைத்தது நான், வாங்க மறுத்துவிட்டேன். ஐந்து மாதிரி ஏற்றியது 750, பிளாஸ்திரி 45, மூன்றாம் மதிப்பீட்டுக் கூலி 20, சந்தன நிறத் தளத்தின் சந்தா 4,980, ஏற்றுகூலி 600, வெள்ளைத் தளத்தின் சந்தா 3,240, மறுபடி ஏற்றுகூலி 600, ஆட்டோ போக வர 360. ஆக மொத்தம் ரூபாய் 10,595.